இருபத்தைந்துக்குக் கீழே வேண்டாம்

இம்கே ஸாட்டோஃப் பால் லாரி ஓட்டுகிறவள். லேயர் டவுனிலிருந்து கடல் அணை வரைக்கும் சிதறிக் கிடக்கிற பண்ணைகளில் குழாய் மாட்டிப் பாலை இழுத்து, மத்தியானத்துக்குள் ஆலையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். வயது முப்பத்தேழு. அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஒரு கடையில் கல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் "மொய்ன்" என்று வணக்கம் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தவள். முப்பத்துமூன்றாவது வயதில் யாரிடமும் யோசனை கேட்காமல் கனரக வண்டி லைசென்ஸ் எடுத்தாள். "கல்லாவுல உக்காந்தா ஊர் நம்மளப் பார்க்குது. லாரியில உக்காந்தா நாம ஊரைப் பார்க்கலாம்" என்று காரணம் சொல்வாள். உண்மையில் அவளுக்கு அந்த லாரி மேல் ஆசை, அவ்வளவுதான். ஆசைக்கு என்ன காரணம் வேண்டிக்கிடக்கிறது!

சிக்கல் விடியற்காலையில்தான். நாலரைக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். புருஷன் ஓக்கோ நடுக்கடலில் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறவன். இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அவன் இருக்கும் பதினாலு நாளும் கவலையில்லை. அவன் இல்லாத பதினாலு நாளும் ஏழு வயது ஃபென்னாவை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார், நாலு வயது யெல்டோவுக்குக் கஞ்சி கொடுத்துப் பாலர் பள்ளியில் கொண்டுபோய் விடுவது யார்? ஆலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் ஆள் தெளிவாகச் சொல்லிவிட்டான். "காலை ரவுண்டு மட்டும்தான் இருக்கு, இம்கே. முடியலைன்னா இப்பவே சொல்லிடு, பின்னாடி மூணு பேர் நிக்கிறாங்க." முடியவில்லை என்றால் திரும்பக் கல்லாதான்.

அதனால்தான் ஓ-பேர் வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு வருஷத்துக்கு வரும் பெண். தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். பதிலுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியும் கற்றுக்கொள்வாள். வேலைக்காரி இல்லை, விருந்தாளியும் இல்லை, வீட்டு மனுஷி.

ஓல்டன்பர்கில் இந்த ஏற்பாட்டைத் தனி ஆளாக நடத்தும் ஹில்ரிக்ஸ் அம்மாளிடம் இம்கே வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"இருபத்தஞ்சுக்குக் கீழ வேண்டாம்."

"அம்மா தாயே, சட்டமே பதினெட்டுல ஆரம்பிச்சு இருபத்தாறுல முடியுது. நீங்க விடுற சந்துல பூனைகூட நுழையாது."

"அப்ப ஒரு ஒல்லிப் பூனையாப் பாருங்க. பத்தொன்பது வயசுப் பொண்ணு வந்தா அது எனக்கு மூணாவது பிள்ளை. எனக்கு ரெண்டு போதும்."

ஹில்ரிக்ஸ் அம்மாளும் சளைக்காமல் தேடி ஒரு பூனையைக் கண்டுபிடித்தாள். ஜார்ஜியாவிலிருந்து தெக்லே, வயது இருபத்தைந்தரை. ஆகா, என்ன பெண் அது! மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். பிள்ளைகளின் காலுறைகளைக்கூட ஜோடி சேர்த்து மடித்து வைப்பாள். இம்கே எழுதிவைத்திருந்த நாற்பத்திரண்டு பக்கக் குறிப்பேட்டை இரண்டே நாளில் படித்து முடித்து, பதினேழாம் பக்கத்தில் ஒரு பிழையையும் திருத்திக் கொடுத்தாள். எந்தக் குப்பை எந்த நிறப் பையில், முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும், யெல்டோவுக்குத் தும்மல் வந்தால் என்ன மருந்து எல்லாம் அந்தக் குறிப்பேட்டில் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவர்கள். இம்கே முழு வேலையும் முடிந்தது என்று நம்பினாள்.

பத்தாவது வாரம் தெக்லே கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். ஓல்டன்பர்கில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டதாம், பதினைந்து நாளில் போக வேண்டுமாம். ஒப்பந்தத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அதன்படியே முறையாக எழுதியும் கொடுத்தாள். தப்பு சொல்ல ஒரு இடம் வைக்கவில்லை. வயதும் பொறுப்பும் இருக்கிற பெண்ணுக்குத் தன் வாழ்க்கையின் மேலும் பொறுப்பு இருக்கத்தானே செய்யும்? "உன் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணுவேன்" என்று இம்கே வாய் நிறையச் சொல்லி அனுப்பினாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஹில்ரிக்ஸ் அம்மாளிடம் அப்போது கைவசம் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். பெகிமாய். கிர்கிஸ்தானில் நரின் ஊர்க்காரி. ஹனோவரில் ஒரு வீட்டில் நாலு மாதமாக இருக்கிறாள். அந்த வீட்டுக்காரர்கள் விவாகரத்து வாங்கிக்கொண்டு பிரிகிறார்கள். "வீடே ரெண்டாப் போகுது. அவ எந்தப் பாதியில இருப்பா, பாவம்?" என்றாள் ஹில்ரிக்ஸ் அம்மாள்.

"வயசு?"

மறுமுனையில் இருமல் சத்தம் கேட்டது. "பத்தொன்பது."

"வேண்டாம்."

"முகத்தையாவது பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லுங்களேன்."

போனில் முகம் பார்த்தார்கள். இம்கே முப்பத்தொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். பெண்ணுக்கு வட்ட முகம், தலைமுடி முழுக்கக் கலைந்து கிடந்தது, பின்னால் கட்டிலில் மலை மாதிரி துணிக்குவியல். வீட்டில் மூத்தவளா என்று கேட்டாள். மூத்தவள் என்றால் தம்பி தங்கையை வளர்த்திருப்பாளே என்று ஒரு நப்பாசை.

"இல்ல, கடைக்குட்டி. நாலு அண்ணனுங்க. என்னைத் தரையில நடக்கவே விடமாட்டாங்க" என்று சிரித்தாள் அவள்.

இம்கே அடுத்த கேள்விக்குத் தாவினாள். "சரி, பிள்ளைக்கு ஒரு அடி பட்டுடுச்சு. நீ மட்டும்தான் வீட்ல இருக்க. முதல்ல என்ன பண்ணுவ?"

தெக்லே இதற்கு ஐந்து படிகளாகப் பதில் சொல்லியிருந்தாள். பெகிமாய் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "முதல்ல அழுவேன்னு நினைக்கிறேன். அழுதுக்கிட்டே போன் பண்ணுவேன்."

இம்கே தாளில் அந்தக் கேள்விக்கு நேரே ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டாள். ஆனால் ஓக்கோ வந்து, திரும்பக் கடலுக்குப் போக இருபது நாள்கூட இல்லை. பெருக்கல் குறி போட்ட கையாலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாள். வேறு வழி?

பத்தொன்பது வயதின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை பயம் என்று கேட்டால், "மூணாவது பிள்ளை" கதையைத்தான் எல்லோரிடமும் சொல்வாள். நிஜக் காரணத்தை ஒருவரிடமும் சொன்னதில்லை, கட்டிய புருஷனிடம்கூட. அவளே பத்தொன்பது வயதில் பிரான்சில், நாந்த் நகரத்தில் ஓ-பேராக இருந்தவள். எட்டு மாதக் குழந்தை. சோபாவில் படுக்கவைத்துவிட்டு ஜன்னலோரம் போய்ப் போனில் குறுஞ்செய்தி அடித்துக்கொண்டிருந்தாள். தொப்பென்று சத்தம். தூக்கி, ஆட்டி, அழுகையை அடக்கிவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழந்தை இரண்டு நாள் கையைத் தூக்காமல் சிணுங்கியது. "ஏதாவது நடந்துச்சா, இம்கே?" என்று அந்தத் தாய் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் "இல்லையே" என்றாள். மூன்றாம் நாள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தபோது தோள்பட்டைப் பக்கம் எலும்பில் கீறல். அடுத்த வாரமே இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம், "அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கலை." பதினெட்டு வருஷமாக அதே பதில். பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிவது தன் முகம்தான். தன்னை யார் நம்பிப் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

பெகிமாய் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே, "இம்கே அக்கா" என்றாள்.

"இங்க யாரும் அக்கான்னு கூப்பிடறதில்ல. பேரைச் சொல்லு போதும்."

"வெறும் பேரைச் சொன்னா எங்கம்மா நரின்ல இருந்தே அடிப்பாங்க, அக்கா."

சரி, கூப்பிட்டுத் தொலை என்று விட்டுவிட்டாள். ஓக்கோவும் மறுநாளே "ஓக்கோ அண்ணா" ஆனான். அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். முதல் வாரத்தில் ஒரு பாத்திரத்தைத் தீயவைத்தாள். இரண்டாம் வாரம் வெள்ளைத் துணிகளோடு ஒரு சிவப்புக் காலுறையைப் போட்டு, ஓக்கோவின் பனியன்களையெல்லாம் ரோஜாப்பூ நிறமாக்கினாள். மஞ்சள் பையில் போட வேண்டிய பிளாஸ்டிக் குப்பையைக் காகிதம் போடும் பெட்டியில் போட்டாள். எதிர்வீட்டு மனிதர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு புகார் சொல்ல வந்துவிட்டார். சத்தமாகப் பாடுவாள். யெல்டோவோடு மேஜைக்கடியில் புகுந்து ஒளிந்துகொண்டு, தேடினால் வெளியே வர மாட்டாள். மூணாவது பிள்ளை என்று சொன்னது பொய்யில்லை.

ஆனால் ஒன்று. இம்கே லாரியை விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போதே, காலணியைக் கழற்றுவதற்கு முன்பே, முன்வாசலில் அந்தப் பெண் வந்து நிற்பாள். "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்." பாத்திரமோ, துணியோ, குப்பையோ, என்ன, எப்போது, எப்படி என்று எல்லாம் கொட்டிவிடுவாள். இம்கேவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"ஏண்டி, ஒரு டீயாவது குடிச்சிட்டுக் கேக்குறேனே!"

"டீ குடிக்கிற வரைக்கும் என்னால வயித்துல வெச்சிருக்க முடியாது, அக்கா."

ஓக்கோ கடலுக்குப் போனான். முதல் எட்டு நாள் நல்லபடியாகவே போயிற்று. ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. கெர்யெட்ஸ் பண்ணையில் குழாய் மாட்டிப் பால் ஏறிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

அழுகைச் சத்தம். அழுகைக்கு நடுவே பிசிறில்லாத வார்த்தைகள். "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். கேளுங்க. யெல்டோவுக்குக் கஞ்சியில திராட்சை போட்டேன், பெரிய கரண்டியில மூணு. ஏழு நாப்பதுக்கு. கண்ணாடி ஜாடியில இருந்த திராட்சை. அது சாராயம். எனக்கு ஜலதோஷம், மூக்குல வாசனையே தெரியலை. அவன் நடக்கும்போது நாற்காலியில போய் மோதினான், சும்மா சும்மா சிரிச்சான். அப்புறம்தான் நான் வாயில போட்டுப் பார்த்தேன், எரியுது. விஷத்துக்கான நம்பர்ல பேசிட்டேன். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துடுச்சு. முழிச்சிருக்கான். தூங்க விடாதேன்னாங்க, நான் விடலை. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

கண்ணாடி ஜாடி! அது எதுவென்று இம்கேவுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்தச் சீமையில் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறதென்றால், சில வாரம் முன்பே உலர்ந்த திராட்சையைக் கல்கண்டோடு பிராந்தியில் ஊறப்போடுவார்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் கோப்பையில் ஊற்றிக்கொடுப்பார்கள். ஓக்கோவின் தங்கை வீப்கேவுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஊறப்போட்டவள் இம்கே. ஜாடியில் பெயர் எழுதி ஒட்டவில்லை. எதற்கு ஒட்ட வேண்டும்? இங்கே பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அலமாரியில் இருக்கும் திராட்சை ஜாடி என்னவென்று தெரியும். நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவளுக்கு அதற்கென்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. உயரத் தட்டில் வைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த நேரத்தில் தன் ஞாபகத்தின் மேலேயே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வேலை பிரிக்கும் ஆளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பால் ஆஸ்பத்திரிக்குப் போகுது."

"எங்க போகுது?"

"என் பிள்ளை அங்க இருக்கான். நான் இந்த லாரியிலதான் போகப் போறேன். வேலையை விட்டுத் தூக்குறதுன்னா அப்புறமாத் தூக்கு."

ஒன்பதாயிரம் லிட்டர் பாலோடு அவள் ஆஸ்பத்திரிக்கு எதிரே பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நிறுத்தினாள். ஹாரன்கள் அலறின. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

யெல்டோ கட்டிலில் கையில் ஊசியோடு கிடந்தான். சர்க்கரைத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "உனக்கு ரெண்டு மூக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தான். அந்தப் பக்கம் பெகிமாய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக நின்றாள். வீட்டுச் செருப்போடுதான் வந்திருந்தாள், அதுவும் இரண்டு நிறத்தில்.

டாக்டர் ஒரு பெண். "பயப்படாதீங்க, சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பார்த்துட்டு அனுப்பிடறோம். சின்னப் பிள்ளைங்களுக்குச் சாராயம் போனா ரத்தத்துல சர்க்கரை விழுந்துடும், அதுதான் ஆபத்து. தூக்கம் வருதுன்னு நினைச்சுப் படுக்கப் போட்டிருந்தா நாம வேற மாதிரி பேசிட்டிருப்போம். இந்தப் பொண்ணு என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு மொத்தமும் சொல்லிட்டா. ஜாடியையும் கையோட தூக்கிட்டு வந்துட்டா. எத்தனை வயசு இவளுக்கு?"

"பத்தொன்பது" என்றாள் இம்கே.

"நாப்பது வயசு அப்பாக்கள் வருவாங்க. பிள்ளை என்ன முழுங்குச்சுன்னு கேட்டா, திரும்பிப் பொண்டாட்டி முகத்தைப் பார்ப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

இம்கே பெகிமாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கோபப்பட வேண்டும் என்றுதான் வந்தாள், வரவில்லை. வந்ததெல்லாம் வெட்கம்தான். மூன்று முறை கேட்டும் "இல்லையே" என்று சொன்ன ஒருத்தி, கேட்பதற்கு முன்பே சொன்ன ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் தப்புடி. எழுதிவைக்காம விட்டது நான்."

"கரண்டியால போட்டது நான், அக்கா" என்றாள் அவள், விடாமல்.

வேலை போகவில்லை. வேலை பிரிக்கிறவனுக்கும் இரண்டு பிள்ளைகள். இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டுவிட்டான். பாலும் கெடவில்லை. ஆனால் அன்று மாலையே கடலிலிருந்து ஓக்கோ பேச ஆரம்பித்தான். அப்பாடி, என்ன பேச்சு! "இருபத்தஞ்சுக்குக் கீழ வேண்டாம்னு சொன்னவ யாரு? நீதானே? என் பையனுக்குச் சாராயம் குடுத்திருக்கா, இம்கே! பத்தொன்பது பத்தொன்பதுதான். ஹில்ரிக்ஸுக்குப் போன் பண்ணு. வேற ஆளைப் பாரு."

"வேற ஆள் வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் என் லாரியை யார் ஓட்டுறது?"

"லாரி பெருசா, பிள்ளை பெருசா?"

அந்தக் கேள்விக்கு எந்தத் தாயால் பதில் சொல்ல முடியும்? புதனும் இதே பேச்சு. வியாழனும் இதே. வெள்ளிக்கிழமை குரல் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. எப்போதும் சாதுவான மனிதனுக்கு இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று இம்கேவுக்கு விளங்கவில்லை. வீடோ சின்ன வீடு. மாடி அறையில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாம் கேட்டது. ஆலைக்கும் புருஷனுக்கும் நடுவில் நின்று இம்கே திணறினாள். பெகிமாய் போனால் அவள் திரும்பக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான். இருக்கட்டும் என்றால் புருஷன் நிம்மதியாகக் கடலில் இருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஓக்கோ வந்தான். யெல்டோவைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இறக்கவில்லை. முன்கூடத்தில் பெகிமாயின் பெட்டி நின்றது. யாரும் கட்டச் சொல்லவில்லை. அவளே கட்டி, அவளே இறக்கி வைத்திருந்தாள். "ஓக்கோ அண்ணா வந்ததும் நான் போயிடறேன், அக்கா. என்னால நீங்க ரெண்டு பேரும் சண்டை போட வேணாம். ஹில்ரிக்ஸ் அம்மா வீட்ல ஒரு வாரம் இடம் குடுப்பாங்களாம்." சாயங்கால ரயிலுக்கு நேரமும் பார்த்து வைத்திருந்தாள். ஃபென்னா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளையும் தம்பியையும் தோட்டத்துக்கு அனுப்ப இம்கே படாத பாடு பட்டாள்.

இம்கே டீ ஊற்றினாள். கோப்பை அடியில் போட்ட கல்கண்டு சூட்டில் வெடிக்கும் சத்தம் கேட்டது. மேலே பால் ஏட்டை விட்டாள். இருவரும் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"பெட்டி கட்டிட்டாளா? அதுவும் நல்லதுதான்" என்றான் ஓக்கோ, அவள் முகத்தைப் பார்க்காமல். "பெரியவங்களா இருந்தா இப்படி நடந்திருக்காது."

"ஓக்கோ, நான் நாந்த்ல இருந்து ஏன் திரும்பி வந்தேன்?"

"இப்ப அது எதுக்கு? சாப்பாடு ஒத்துக்கலை."

"சாப்பாடு அருமையா இருந்துச்சு."

அவள் சொன்னாள். சோபா, ஜன்னல், குறுஞ்செய்தி, தொப்பென்ற சத்தம், மூன்று "இல்லையே". நடுவில் நிறுத்தவில்லை. "வலியோட அந்தக் குழந்தை ரெண்டு நாள் கிடந்துச்சு, ஓக்கோ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு மணி நேரத்துல டாக்டர் பார்த்திருப்பாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். நானும் பத்தொன்பது, இவளும் பத்தொன்பது. நான் பயந்தது வயசைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்து. இவ என்னை மாதிரி இல்ல. இவளை அனுப்பிட்டு இருபத்தஞ்சு வயசுல ஒருத்தியைக் கொண்டுவருவோம். அவ பொய் சொல்ல மாட்டான்னு எந்தச் சான்றிதழ்ல எழுதியிருக்கும்?"

ஓக்கோ கரண்டியை எடுத்து டீயைக் கலக்கினான். இந்த ஊரில் பிறந்தவன் யாரும் டீயைக் கலக்க மாட்டான். பாலேடு தானாக இறங்க வேண்டும், அடியில் இருக்கும் இனிப்பு கடைசியில் வர வேண்டும். இவன் பாட்டுக்குக் கலக்கு கலக்கு என்று கலக்கினான். இம்கே அவன் கையையே பார்த்தாள்.

"நீ இப்படியெல்லாம் சொன்னா நான் என்னத்தைச் சொல்றது" என்றான். பிறகு கரண்டியைக் கீழே வைத்தான். "அந்த ஜாடி மேல்தட்டுலதான் இருந்துச்சு."

"என்ன?"

"நீ சரியாத்தான் வெச்சிருந்த. கடலுக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் நான்தான் எடுத்தேன். ஊறிடுச்சான்னு பார்க்கலாம்னு. ரெண்டு கரண்டி... நாலு கரண்டி இருக்கும். அப்புறம் யெல்டோ கூப்பிட்டான். கஞ்சி டப்பா பக்கத்துலயே வெச்சிட்டுப் போயிட்டேன்."

இம்கே தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"இது உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?"

"நீ செவ்வாய்க்கிழமை போன் பண்ணினப்பவே" என்றான் அந்த நாற்பத்தொரு வயது மனிதன், குனிந்த தலை நிமிராமல்.

"அட படுபாவி மனுஷா! செவ்வாய்க்கிழமையில இருந்து தெரிஞ்சுக்கிட்டா அந்தக் கத்து கத்தின?" இம்கே எழுந்தே விட்டாள். கோப்பையை எடுத்து அடிக்கப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவளுக்கும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை. ஆனால் இப்போதுதானே தன் வாயாலேயே தன்னைப் பற்றிச் சொல்லி முடித்திருக்கிறாள். அந்தக் கையால் எப்படி அடிப்பது? "மேல போ. என்கிட்டச் சொன்னதை அவகிட்டச் சொல்லு."

"இப்பவேவா? டீ குடிச்சிட்டு..."

"அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலை, ஓக்கோ. உனக்கு அஞ்சு நாள். எனக்குப் பதினெட்டு வருஷம். இன்னும் எவ்வளவு நேரம் வேணும் உனக்கு?"

ஓக்கோ போனான். மாடி வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. பெகிமாய் மேல்சட்டை மாட்டிக்கொண்டு, ரயிலுக்காகப் படி இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவன் கீழ்ப்படியில் நின்றான், அவள் நடுப்படியில் நின்றாள். அங்கேயே சொன்னான். ஜாடி, கரண்டி, கஞ்சி டப்பா, செவ்வாய்க்கிழமை. எதையும் குறைக்கவில்லை. இம்கே சமையலறைக் கதவோரம் நின்று கேட்டாள்.

அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அழுகை வந்தது, கூடவே கோபமும்.

"அஞ்சு நாளா நான் தூங்கலை, ஓக்கோ அண்ணா."

"தெரியும்."

"தெரியாது. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுப் போய் யெல்டோ மூச்சு விடுறானான்னு பார்த்தேன். எங்கம்மாகிட்ட நான் ஒரு குழந்தையைக் கொல்லப் பார்த்தேன்னு சொன்னேன். அவங்களும் அழுதாங்க. நீங்க அங்க கடல்ல உக்காந்துக்கிட்டு எல்லாம் தெரிஞ்சும் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா" என்றான் ஓக்கோ. வேறு எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. "ஆமா. தப்பு என்னோடது. உங்க அம்மா நம்பர் குடு, அவங்ககிட்டயும் நானே சொல்றேன்."

அவள் மேல்சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். நரினில் இப்போது மணி என்ன என்று மனக்கணக்குப் போட்டாள். "இப்ப தூங்கியிருப்பாங்க. நாளைக்குக் காலையில சொல்லுங்க. அழகாச் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்."

"நாளைக்கா?" என்றாள் இம்கே கதவோரத்திலிருந்து. "அப்ப நாளைக்கு இங்கதான் இருப்பியா?"

பெகிமாய் அவளைப் பார்த்தாள். முன்கூடத்தில் நின்ற பெட்டியைப் பார்த்தாள். "நீங்க இருக்கச் சொல்லவே இல்லையே, அக்கா. யாருமே இன்னும் சொல்லலை."

"இருடி" என்றாள் இம்கே. அழுகையில் அதற்கு மேல் வரவில்லை. "இரு. இருக்கணும் நீ."

"பெட்டி இருபத்திமூணு கிலோ" என்றாள் பெகிமாய் ஓக்கோவிடம். "நான் ஒண்டியாக் கீழ இறக்கினேன். நீங்கதான் மேல ஏத்தணும்."

ஓக்கோ மறுபேச்சுப் பேசாமல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினான். குறுகலான படி, நடுவில் மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றான். "நிக்காதீங்க, ஏறுங்க" என்று பின்னாலிருந்து அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் போட்ட அதட்டல் தோட்டம் வரைக்கும் கேட்டது.